வந்து போகிறவனின் பங்கு

ஒரு வீட்டின் மீது யாருக்குப் பாத்தியதை அதிகம்? அதில் நாள்தோறும் வாழ்கிறவருக்கா? அல்லது வருடத்தில் ஒரு மாதம் வந்து தங்கிவிட்டு, மற்றப் பதினொரு மாதமும் அதை நினைத்துக்கொண்டிருப்பவருக்கா? காணி உறுதியை விரித்து வைத்துச் சட்டத்தரணி ஒருவர் இதற்குப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் உறுதியில் எழுதப்படாத ஒன்றைத்தான் நாம் இங்கு கேட்கிறோம். நினைவு ஓர் உரிமையா? ஓர் இடத்தை நேசித்தேன் என்பதனால் மட்டும் அந்த இடத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் பேச்சில் எனக்கு ஓர் இருக்கை கிடைத்துவிடுமா?

கடலோரத்து வீட்டைப் பற்றிய நினைவுகள் உலக இலக்கியத்தில் ஏராளம். மேல்நாட்டாருக்குக் கோடை என்றொரு பருவம் உண்டு. அந்தப் பருவத்துக்கென்று ஒரு வீடும் உண்டு. நம் நாட்டில் அப்படிப் பிரிந்து நிற்கும் கோடை இல்லை. வெள்ளைக்காரரின் வழியில் வந்த கனவான்கள் ஏப்ரலில் நுவரெலியாவுக்கு ஏறினார்கள். கொம்பனித்தெருவின் ஒழுங்கைகளில் வாழ்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு நோன்பு விடுமுறைதான் கோடை. முஸ்லிம் பாடசாலைகள் றமழான் மாதத்தில் மூடப்படும். எங்கள் உம்மா எங்களையும் இரண்டு றங்குப் பெட்டிகளையும் சேர்த்துக்கொண்டு தன் தாய்வீட்டுக்குப் புறப்படுவார். பிறைக் கணக்கில் வருகிற விடுமுறை பருவங்களுக்குக் குறுக்கே நடந்துகொண்டேயிருக்கும். 1978 இல் ஓகஸ்டில் வந்த நோன்பு 1984 இல் ஜூனுக்கு வந்திருந்தது. ஆகவே நாங்கள் அறிந்த கடல் சுற்றுலாப் படங்களில் வருகிற அமைதியான நீலக்கடல் அல்ல. தென்மேல் பருவக்காற்றில் பொங்கி நிற்கும் கடல்தான்.

அந்த வீடு அம்பாந்தோட்டையில் இருந்தது. கொம்பனித்தெரு ரயில் நிலையத்திலிருந்து தெற்கே போகும் தண்டவாளம் சில நிமிடங்களிலேயே கடலைத் தொட்டுவிடும். அதன் பிறகு பல மணி நேரத்துக்குக் கடல் ஜன்னலோரமாய்க் கூடவே வரும். 1894 இல் காலிக்கும் 1895 இல் மாத்தறைக்கும் போடப்பட்ட பாதை அது. நாங்கள் போன காலத்தில் ரயில் மாத்தறையோடு நின்றுவிடும். பெலியத்த வரைக்கும் அது நீண்டது 2019 இல்தான். மாத்தறையிலிருந்து பஸ். தங்காலை தாண்டியதும் தென்னை குறைந்து பற்றைக்காடு தொடங்கும். காற்றில் உப்பு ஏறும். ஊர் வந்துவிட்டது என்பதை நாக்குத்தான் முதலில் அறியும்.

அம்பாந்தோட்டை ஒரு விசித்திரமான ஊர். ஒருபுறம் கடல், மறுபுறம் கரகன் லெவாய என்னும் உப்பேரி, இடையிலே ஒடுங்கிய மணல் நிலம். மகா லெவாயவில் உப்பு விளையும். சம்பான்கள் வந்தடைந்த துறை என்பதால் அப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மலாய்க் குடும்பங்களும் சோனகக் குடும்பங்களும் ஒன்றுக்குள் ஒன்றாய்க் கலந்து வாழ்ந்த ஊர். எங்கள் உம்மும்மாவின் தாயார் மலாய் பேசினார். உம்மும்மா இரண்டும் பேசினார். எங்களுக்குத் தமிழும், ஏச்சு வாங்கும்போது கேட்ட சில மலாய்ச் சொற்களும்தான் மிஞ்சின.

எனக்கு நினைவிருப்பவை இவை. அஸர் தொழுகைக்குப் பிறகு மணலில் நடக்க விடுவார்கள், குளிக்க விடமாட்டார்கள். நோன்பு பிடித்த பிள்ளை கடல் தண்ணீரை விழுங்கிவிடும் என்று உம்மும்மாவுக்குப் பயம். நோன்புக் கஞ்சியின் வாசம் உப்புக் காற்றோடு சேர்ந்து வரும். பெருநாளன்று சட்டித் தயிரும் கித்துள் பாணியும். இரவில் திண்ணையில் படுத்தால் அலையின் சத்தம் தலையணைக்குக் கீழேயிருந்து வருவதுபோல் கேட்கும். இதை எழுதும்போதே என் மனம் இளகுவதை உணர்கிறேன். அந்த இளக்கத்தை அப்படியே நம்பிவிடலாமா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

ஏனெனில் அதே வீட்டில் அதே நாட்களில் இன்னொரு வாழ்க்கையும் நடந்துகொண்டிருந்தது. உம்மாவின் தங்கையான எங்கள் சாச்சி அந்த வீட்டிலேயே இருந்தவர். வரண்ட வலயத்து ஊர் அது. வீட்டுக் கிணற்று நீர் உவர்ப்பு. குடிக்கும் நீரைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். காற்று கொண்டுவந்து கொட்டும் மணலைக் காலையும் மாலையும் கூட்ட வேண்டும். உப்புக் காற்றில் ஆணிகள் துருப்பிடித்து உதிரும், கதவின் பிணைச்சல்கள் தேயும், இரும்பு என்று எதை வைத்தாலும் இரண்டு வருடத்தில் செல்லாக்காசாகிவிடும். நோன்பு மாதத்தில் கொழும்பிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து இறங்கினால் நீரும் விறகும் அரிசியும் எத்தனை மடங்காகும் என்று கணக்குப் பாருங்கள். எங்களுக்கு விடுமுறையாயிருந்த மாதம் சாச்சிக்கு வருடத்திலேயே பாரமான மாதம். எங்கள் நினைவில் அலைச்சத்தம் இருக்கிறது. மணல் கூட்டும் ஈர்க்குமாறின் சத்தம் இல்லை. நினைவு பொய் சொல்வதில்லை, ஆனால் தனக்கு வேண்டாததைக் கேட்பதில்லை.

*

இதே அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் லெனார்ட் வுல்ஃப். உப்புச் சேகரிப்பையும் கால்நடை நோயையும் காட்டோரக் கிராமங்களின் வழக்குகளையும் பார்த்துக்கொண்டு கடலோரத்துப் பங்களாவில் வாழ்ந்தார். அந்த அனுபவம்தான் 1913 இல் 'காட்டில் ஒரு கிராமம்' என்னும் பொருளுடைய பெயரில் அவருடைய நாவலாக வந்தது. விடுப்பில் இங்கிலாந்து போனவர் பதவியை விட்டுவிட்டு 1912 இல் வேர்ஜினியா ஸ்டீஃபனை மணந்தார். கடலோரத்து விடுமுறை வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிகப் பெரிய நாவலை எழுதியவர் அந்த வேர்ஜினியா வுல்ஃப்தான். 1927 இல் வெளிவந்த 'கலங்கரை விளக்கத்துக்கு' என்று பொருள்படும் அந்நாவலின் வேர் கோர்ன்வாலில் சென்ற் ஐவ்ஸ் என்னும் மீன்பிடி ஊரில் இருக்கிறது.

அவருடைய தந்தை அங்கே ஒரு வீட்டை ரயில்வே கம்பனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தார். 1882 முதல் 1894 வரை ஒவ்வொரு கோடையிலும் குடும்பம் இலண்டனிலிருந்து அங்கே போனது. 1895 இல் தாயார் இறந்தார். குத்தகை விடப்பட்டது. பத்து வருடங்கள் கழித்து, 1905 இல், வளர்ந்துவிட்ட பிள்ளைகள் மறுபடி அந்த ஊருக்குப் போய், இருட்டிய பிறகு வேலிக்குப் பின்னால் நின்று அந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். உள்ளே வேறு யாரோ வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நிற்கிறவர்களின் நேசம் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனாலும் அவர்கள் கதவைத் தட்டி உரிமை கேட்கவில்லை.

அந்நாவலின் நடுப்பகுதி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குடும்பம் வராமற் போகிறது. பத்து ஆண்டுகள் கழிகின்றன. ஒரு பெரும் யுத்தம் வருகிறது. வீட்டின் உயிராயிருந்த தாய் இறந்துபோகிறாள். வெற்று வீட்டுக்குள் காற்றும் ஈரமும் பூஞ்சணமும் புகுந்து அதை மெல்ல மெல்ல அழிக்கின்றன. இன்னும் சிறிது தாமதித்தால் வீடு இல்லை என்னும் தறுவாயில் அதை மீட்பவர்கள் அந்த வீட்டை நினைத்துக் கண்ணீர் வடித்தவர்கள் அல்லர். மக்நாப் என்ற வயதான வேலைக்காரியும் அவளுடைய தோழியும்தான். முட்டி வலியோடு குனிந்து தேய்த்து, துடைத்து, வெயிலில் காயவைத்து வீட்டை எழுப்புகிறார்கள். பிறகு எசமானர்கள் வந்து தங்கள் நினைவுகளைத் தொடர்கிறார்கள். நாவலாசிரியையும் வந்து போகிறவர்களின் பக்கத்தைச் சேர்ந்தவர்தான். ஆனாலும் நினைவு தானே நிற்பதில்லை, யாரோ ஒருவரின் உழைப்பின் மீதுதான் நிற்கிறது என்பதை அவர் கண்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் அந்த வேலையைச் செய்தவர் சாச்சி.

*

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும்கூட. அம்பாந்தோட்டையில் ஞாயிறு வாரச்சந்தை நாள். கடலுக்கும் உப்பேரிக்கும் இடையிலிருந்த அந்த ஒடுங்கிய நிலத்தின் மீது ஆழிப்பேரலை ஏறி மறுபுறம் இறங்கியது. சந்தைக்கு மரக்கறி வாங்கப் போன சாச்சா திரும்பவில்லை. மையித்தும் கிடைக்கவில்லை. வீட்டின் அத்திவாரமும் கிணறும் ஒரு சுவரும் மிஞ்சின. நாங்கள் சிறுவர்களாய்ப் போய்வந்த அதே தண்டவாளத்தில் பெரலியவில் ரயில் ஒன்று அலையில் அகப்பட்டு ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டது அன்று காலையில்தான்.

அதன் பின் அரசாங்கம் கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தது. சுற்றுலா விடுதிகளுக்கு ஒரு நியாயமும் மீனவர் குடிசைகளுக்கு வேறொரு நியாயமுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பின்னர் அந்தத் தூரங்கள் தளர்த்தப்பட்டன. அம்பாந்தோட்டையில் வீடிழந்தவர்களுக்குக் கடலிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே சிறிபோபுரவில் புதிய வீடுகள் கட்டப்பட்டன. சாச்சிக்கும் ஒன்று கிடைத்தது. பழைய காணி வெறும் வளவாகக் கிடந்தது.

2008 இல் துறைமுக வேலை தொடங்கியது. காணி விலை ஏறியது. எங்கள் வளவை வாங்க ஒருவர் வந்தார். சாச்சி விற்றுவிடலாம் என்றார். கலியாண வயதில் ஒரு மகள், வருமானம் எதுவுமில்லை. ஆனால் காணி உம்மும்மாவின் பெயரில்தான் இருந்தது. அவர் 1993 இல் மௌத்தானவர். பிள்ளைகள் நால்வர். மாமா ஒருவர், சகோதரிகள் மூவர். முஸ்லிம்களுக்கு இந்நாட்டில் 1931 ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி மார்க்கப் பங்குதான். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று, ஆக ஐந்து பங்கு. சாச்சிக்கு ஐந்தில் ஒன்று. முப்பது வருடம் தண்ணீர் சுமந்ததற்கோ, மூன்று வருடம் படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்ததற்கோ அந்தக் கணக்கில் தனிப் பங்கு இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பங்குச் சட்டம் என்பது அன்பையும் உழைப்பையும் அளக்கப் புறப்பட்டால் ஒரு குடும்பமும் மிஞ்சாது. அது இரத்த உறவை மட்டும் எண்ணுகிறது. மற்றதை எங்கள் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறது. விட்டுவிடுகிறது என்றால் மன்னித்துவிடுகிறது என்று பொருளல்ல.

விற்பதற்கு எதிர்ப்பு வந்தது கொழும்பிலிருந்துதான். மாமாவின் பிள்ளைகள், பெரியும்மாவின் பிள்ளைகள், எல்லோரும் கொம்பனித்தெருவில் எங்கள் வீட்டில் கூடினோம். “நம்மட சின்ன வயசெல்லாம் அங்கதான் ஈக்கிது, அத எப்பிடி விக்கிய?” என்றார் மூத்த மச்சான். சின்னதாய் ஒரு வீட்டைக் கட்டி வைத்தால் பெருநாளைக்குப் பிள்ளைகளோடு போய்வரலாம் என்றார் இன்னொருவர். யாரும் பொய்யாகப் பேசவில்லை. ஒவ்வொருவர் குரலிலும் உண்மையான வலி இருந்தது. சாச்சி ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடலைப் பார்க்கும் திசையில் ஓர் இரவுகூட இனித் தன்னால் படுக்க முடியாது என்பதை அவர் அந்தச் சபையில் சொல்லவில்லை. எங்கள் உம்மாவிடம் குசினியில் வைத்துத்தான் சொன்னார்.

*

அந்தக் கூட்டத்தில் மத்ரஸாவில் ஓதிய உறவினர் ஒருவர் ஷுப்ஆ என்னும் சட்டத்தை நினைவூட்டினார். பங்கு பிரிக்கப்படாத அசையாச் சொத்தில் ஒரு பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்றால், மற்றப் பங்காளி அதே விலையைக் கொடுத்து அதைத் தானே எடுத்துக்கொள்ளலாம். ஹனபி மத்ஹபில் அயல்வீட்டாருக்கும் இந்த உரிமை உண்டு. நாம் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் பங்காளிக்கு மட்டும்தான். செய்தி அறிந்ததும் தாமதிக்காமல் கேட்க வேண்டும். தாமதித்தால் உரிமை போய்விடும். நமது நீதிமன்றத்தில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு பேச்சு. எனக்கு இங்கு வேண்டியது அதற்குள் இருக்கும் நியாயம்.

அந்த நியாயத்தைச் சிறிது நிதானமாகப் பார்ப்போம். பங்காளிக்கும் அந்நியனுக்கும் இடையில் வித்தியாசம் உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது. ஓர் இடத்தோடு எனக்குள்ள உறவு சந்தை விலையால் மட்டும் அளக்கப்படுவதல்ல, எனக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அந்த முன்னுரிமை விற்பனையைத் தடுக்கும் உரிமையல்ல. விற்கிறவருக்கு ஒரு சதமும் குறையக்கூடாது. அந்நியன் கொடுக்க வந்த விலையை நானே கொடுக்க வேண்டும், அதுவும் உடனே. அதாவது என் நேசத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் அந்த நேசத்தின் செலவை நான்தான் ஏற்க வேண்டும். அதை இன்னொருத்தியின் தலையில் கட்டிவிட்டு நான் நேசித்துக்கொண்டிருக்க முடியாது.

“அப்ப சாச்சிட பங்க அந்த வெலைக்கு ஆரு எடுக்கிய?” என்று கேட்டார் அவர். சபையில் பேச்சில்லை. அந்த மௌனத்தை நான் கேலிக்குரியதாக எண்ணவில்லை. கூடியிருந்தவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள். பணமில்லாதது குற்றமல்ல. ஆனால் பணமில்லாதபோது, அல்லது இருந்தும் கொடுக்க மனமில்லாதபோது, நினைவைக் காட்டி அடுத்தவரின் கையைக் கட்டிவைக்க நியாயமில்லை என்பது அந்த மௌனத்தில் எல்லோருக்கும் விளங்கியது.

*

இவ்வளவுதான் விடயம் என்றால் கட்டுரையை இங்கே முடித்துவிடலாம். வாழ்கிறவரின் சொல்லே முதற்சொல், வந்து போகிறவரின் நினைவு இரண்டாவது என்று ஒரு வாய்பாடு கிடைத்துவிட்டது. ஆனால் கொம்பனித்தெருவில் இருந்துகொண்டு இந்த வாய்பாட்டை எழுதும்போது கை தயங்குகிறது.

எங்கள் தெருவும் ஒரு வகையில் கரையோரத்து வீடுதான். பேரே வாவியின் நடுவே ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை அடைத்துவைத்த இடம் என்பதால் ஆங்கிலத்தில் அதற்கு அடிமைத் தீவு என்று பெயர். 2022 இல்தான் அந்தப் பெயரைக் கைவிட்டு ஆங்கிலத்திலும் கொம்பஞ்ஞ வீதிய என்றே எழுதுவதென அரசு முடிவெடுத்தது. கும்பனியின் பெயரும், 1873 இல் கலைக்கப்பட்ட றைபிள் படையின் பெயரும், மலாய்ச் சிப்பாய்கள் விட்டுச்சென்ற ஜாவா என்னும் பெயரும் இங்கே ஒழுங்கைகளாய்க் கிடக்கின்றன. 2010 மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் வரிசை வரிசையாய் ஒழுங்கைகள் தகரவேலிக்குள் போயின. இப்போது அவ்விடங்களில் வானுயர்ந்த கோபுரங்கள் நிற்கின்றன. ஆட்களைத் தொடர்மாடிகளுக்கு ஏற்றினார்கள்.

அப்போது இரண்டு வகையான குரல்களைக் கேட்டோம். ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் கமெராவோடு வருகிறவர்களின் குரல். பழைய மர யன்னல்களையும் மாடத்தூண்களையும் படமெடுத்து, ஐயோ இதெல்லாம் அழியப் போகிறதே என்று மனம் வருந்தினார்கள். அவர்களது வருத்தம் உண்மையானது. ஆனால் அந்த மர யன்னலுக்குப் பின்னே ஒரு கூரைக்குக் கீழ் மூன்று குடும்பம் இருந்ததும், கக்கூசுக்கு வரிசையில் நின்றதும், மழைக்கு வாவி நீர் வாசற்படி ஏறியதும் படத்தில் விழவில்லை. அவர்கள் எங்கள் தெருவின் விடுமுறை விருந்தினர்கள். மற்றக் குரல் திட்டம் போடுகிறவர்களுடையது. நினைவாவது மண்ணாவது, ஓட்டை வீட்டுக்குப் பதில் சீமெந்து வீடு தருகிறோம், இன்னும் என்ன வேண்டும் என்றது அது.

நினைவுக்கு உரிமையே இல்லை என்று நான் எழுதிவிட்டால் இந்த இரண்டாவது குரலுக்கு வலு சேர்த்தவனாவேன். ஆகவே வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாழ்கிறவருக்கும் நினைவு உண்டு. அது விருந்தினரின் நினைவைப் போல் கழுவி மடித்து வைத்ததல்ல. யார் வீட்டில் கடன் கேட்கலாம், இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எந்தக் கதவைத் தட்டலாம், எந்த மூலையில் தட்டு வைத்தால் வடை விற்றுப்போகும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். அந்த நினைவு அவர்களது பிழைப்பின் ஒரு கருவி. பன்னிரண்டாம் மாடிக்கு ஆளை ஏற்றும்போது கட்டிலும் அலுமாரியும் லிஃப்ட்டில் ஏறிவிடும். மேற்சொன்னது ஏறாது. நட்டஈட்டுப் பத்திரத்தில் அதற்கொரு நிரலும் இல்லை. ஷுப்ஆவின் நியாயத்தை இங்கே வைத்துப் பார்த்தால் விடை ஒன்றுதான். மாற்றத்தை விரும்புகிறவர் அதன் விலையைத் தானே கொடுக்க வேண்டும். இருக்கிறவர் தலையில் சுமத்தக்கூடாது. சாச்சியின் விடயத்தில் விலை கொடுக்காமல் நிறுத்த முனைந்தவர்கள் உறவினர்கள். இங்கே விலை கொடுக்காமல் அகற்ற முனைந்தவர்கள் அதிகாரமுள்ளவர்கள். திசை வேறு, அநியாயம் ஒன்றுதான்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வாழ்கிறவரின் சொல்லே முதற்சொல் என்றால், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் நிலை என்ன? மன்னாரிலும் யாழ்ப்பாணத்துச் சோனக தெருவிலும் முல்லைத்தீவிலும் அவர்கள் பல்லாண்டுகள் வாழவில்லை. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிறந்த பிள்ளைகள் எருக்கலம்பிட்டியைப் பார்த்ததேயில்லை. அவர்களும் வெறும் நினைவுக்காரர்கள்தானே என்று ஒருவர் வாதாடலாம். வாதாடியும் இருக்கிறார்கள்.

இதற்கு என் பதில், இல்லாமை இரண்டு வகை என்பதாகும். நாங்கள் அம்பாந்தோட்டையில் வாழாதது எங்கள் தெரிவு. கொழும்பில் தொழில் இருந்தது, பாடசாலை இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது. திரும்பிப் போகும் பாதை ஒரு நாளும் மூடப்படவில்லை. வடபுலத்து மனிதர் சில மணித்தியாலங்களுக்குள், சில நூறு ரூபாவோடு வெளியேற்றப்பட்டவர்கள். அவர்கள் வாழாதிருந்தது தெரிவல்ல, தண்டனை. அந்த இடத்தின் விலையை அவர்கள் ஒவ்வொரு நாளும் முகாமில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விரட்டியவன் காலத்தைக் காட்டி உரிமை முடிந்துவிட்டது என்று சொல்வானானால், அநியாயம் நீண்டால் நியாயமாகிவிடும் என்றாகிவிடும். ஆகவே ஒருவர் ஓர் இடத்தில் இல்லை என்று கண்டால், ஏன் இல்லை என்பதையும் கேட்ட பிறகுதான் அவரது நினைவை நிறுக்க வேண்டும்.

இப்படிப் பார்க்கும்போது நினைவு என்பது தன்னளவில் உரிமையும் அல்ல, வெறும் உணர்ச்சியும் அல்ல. அது ஒரு சாட்சியம். சாட்சி சொல்ல வருகிறவரைக் கேட்க வேண்டியது சபையின் கடமை. ஆனால் சாட்சி நீதிபதியாகிவிட முடியாது. அவர் எங்கே நின்று பார்த்தார், எதைப் பார்க்காமல் விட்டார் என்று குறுக்குக் கேள்வி கேட்கப்பட வேண்டும். திண்ணையில் படுத்து அலையைக் கேட்டவரின் சாட்சியத்தோடு, கிணற்றடியில் நின்றவரின் சாட்சியத்தையும் பதிந்தால்தான் அந்த வீடு இருந்ததென்பது முழுமையாக நிரூபணமாகும்.

காணி விற்கப்பட்டது. துறைமுகம் 2010 இல் திறக்கப்பட்டது. எங்கள் உப்பேரியைத் தோண்டித்தான் கப்பல்களுக்கு இடம் செய்தார்கள். 2017 இல் அது 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனிக்குப் போனது. காணிப் பணம் மார்க்கப் பங்கின்படி பிரிக்கப்பட்டபோது, மாமாவின் மகள் ஒருத்தி தனக்கு வந்த தொகையைச் சாச்சியின் மகளது கலியாணத்துக்கென்று அப்படியே கொடுத்துவிட்டாள். கொம்பனித்தெருக் கூட்டத்தில் விற்க வேண்டாம் என்று அதிகமாக அழுதவள் அவள்தான். அவளிடம் யாரும் கேட்கவில்லை. எந்தச் சட்டமும் சொல்லவில்லை. “நோம்புக்குப் போனா எனக்கு மட்டும் முட்டப் பொரிச்சுத் தருவாங்க, அதுக்குக் காசு குடுத்தமா நாங்க?” என்றாள். எங்களுள் நினைவாற்றல் மிகுந்தவள் அவள்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்றும் பிள்ளைகளோடு விடுமுறைக்குப் போகிறோம். சிறிபோபுர வீட்டில் கடல் தெரியாது. முற்றத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் சாச்சி வைத்தவை. குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. வந்த பிள்ளைகள் கடல் எங்கே என்று கேட்டால் அவர் கையை நீட்டித் திசையைக் காட்டுவார். “அங்கதான் ஈக்கிது. பஸ்ஸில பத்து நிமிசம். போய்ப் பாத்திட்டு வாங்கொ, நான் சோறு போட்டு வெக்கியன்” என்பார். தான் வருவதில்லை. பிள்ளைகளைத் தடுப்பதுமில்லை.